சில்காவுக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டாருக்கு

என் தம்பி அக்னிபத் திட்டத்தின் நான்கு வருடப் பணிக்குக் கடற்படையில் அக்னிவீராகத் தேர்வாகி, 2023 நவம்பர் பேட்சில் ஐஎன்எஸ் சில்கா என்ற பயிற்சித் தளத்துக்குப் போனான். அப்போது எங்களுக்கு விவரம் கேட்கக்கூட ஆள் இல்லை. ஏரலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அப்பாவுக்கு வாழை விவசாயம். நான் கல்யாணமாகி மதுரையில் இருக்கிறேன், ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை. எங்கள் சொந்தத்தில் வாத்தியார் உண்டு, மின்வாரியத்தில் ஆள் உண்டு, துபாயில் உண்டு. படையில் மட்டும் ஒருவரும் கிடையாது.

இப்போது பிள்ளைகளை அனுப்பப் போகும் பெற்றோர் சிலர் என்னிடம் பேசுகிறார்கள். எந்த ரயில், எத்தனை ஜோடி சாக்ஸ், பெட்டிக்கு எந்தப் பூட்டு என்று எல்லாம் பையனுக்கு வேண்டியதாகவே கேட்கிறார்கள். பையன் போனபிறகு அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாதிப் பயம் அந்த இடம் எது என்று தெரியாததால் வந்தது. ஐஎன்எஸ் என்றதும் அம்மா கப்பல் என்றே நினைத்துக்கொண்டாள். கரையில் இருக்கும் தளங்களுக்கும் கடற்படையில் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். நம் விஜயநாராயணத்தில் இருக்கிற ஐஎன்எஸ் கட்டபொம்மன் மாதிரி. சில்கா இருப்பது ஒடிசாவில், குர்தா மாவட்டத்தில், பாலுகான் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில், சிலிகா ஏரியை ஒட்டி. 1980-லிருந்து இருக்கும் தளம். மாலுமியாகச் சேர்கிறவர்களின் அடிப்படைப் பயிற்சி அங்கேதான். அக்னிவீர்களுக்கு ஏறக்குறைய 16 வாரம். சென்னையிலிருந்து ஹவுரா போகிற ரயில் பாதையிலேயே பாலுகான் வருகிறது. இதை வரைபடத்தில் அப்பாவுக்குக் காட்டியபோது, "ரயில் போற ஊர்தானா?" என்று கேட்டுவிட்டு அன்று ஒழுங்காகச் சாப்பிட்டார்.

எங்களுக்குக் கிடைத்த முதல் உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. போலீஸ் சரிபார்ப்புக்கு வந்த காவலர் விசாரித்து முடித்துவிட்டுத் திண்ணையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, "ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கிற ஒருத்தர் நேவில இருந்தவருதான். அவரைப் போய்ப் பாருங்க அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் கப்பல்களில் இருந்து, சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றவர். எங்களுக்கு உறவு எதுவும் இல்லை. இன்று நாங்கள் அவரை சீஃப் மாமா என்றும், அவர் மனைவியை அத்தை என்றும்தான் கூப்பிடுகிறோம்.

நாங்கள் போய்க் கேட்ட அன்று மாமா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்கே வந்தார். தம்பியிடம் கொஞ்சம்தான் பேசினார். அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு என்ன பயம்னு ஒண்ணுவிடாமச் சொல்லுங்க மயினி" என்றார். அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. ஹிந்தி தெரியாதே, அடிப்பாங்களா, காய்ச்சல் வந்தா யார் பார்ப்பா, சோறு போடுவாங்களா, பிடிக்கலைன்னா திரும்பி வரலாமா என்று அம்மா வரிசையாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஹிந்தி தெரியாமல் போகிறவன் இவன் ஒருவன் மட்டுமல்ல. தானும் அப்படிப் போனவன்தான், பயிற்சி முடிவதற்குள் சண்டை போடும் அளவுக்குப் பேச வந்துவிட்டது என்றார். தளத்துக்குள்ளேயே கடற்படை மருத்துவமனை இருக்கிறது என்றார். சோறு கிடைக்கும், ஆனால் பருப்பும் ரொட்டியும் அதிகம் என்றார். "கஷ்டமா இருக்கும், மயினி. அதை நான் மறைக்க மாட்டேன். காலையில இருட்டுல எந்திரிச்சு ஓடணும், நீச்சல் வராதவனும் தண்ணில இறங்கணும், பரேடு, படகு வலிக்கிறது, கயிறு கட்டுறது, துப்பாக்கிப் பயிற்சி எல்லாம் உண்டு. ராத்திரி படுத்தா விடியறதே தெரியாது." அம்மாவுக்குத் தைரியம் வந்ததே இந்தக் கடைசிப் பேச்சில்தான் என்று நினைக்கிறேன். எல்லாம் நல்லா இருக்கும் என்று சொல்கிறவர்களை அவள் நம்பவே மாட்டாள்.

கிளம்புவதற்கு முன் மாமா இன்னொன்றையும் செய்ய வைத்தார். தம்பி உள்ளே போனதும் அவனுக்கு ஒரு பர்சனல் நம்பர் கொடுப்பார்கள், ஒரு டிவிஷனில் சேர்ப்பார்கள். அந்த டிவிஷனுக்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி இருப்பார். டிவிஷனல் ஆபீசர் என்பார்கள். பையனின் நல்லது கெட்டது அவர் பொறுப்பு. வீட்டில் அவசரம் என்றால் தகவல் போக வேண்டியதும் அவருக்குத்தான். முதல் அழைப்பில் இந்த மூன்றையும் சொல்லிவிடு, அப்புறம்தான் மற்ற கதை என்று தம்பியிடம் சத்தியம் வாங்காத குறை. அவன் சொன்னதை அப்பா நாள்காட்டி அட்டையின் பின்புறம் எழுதி வைத்தார். அதன் பயன் டிசம்பரில் தெரிந்தது.

அதற்கு முன் அந்த முதல் வாரங்களைச் சொல்ல வேண்டும். பயிற்சியில் போன் எப்போது கைக்கு வரும் என்பது பிள்ளைகள் கையில் இல்லை. எங்கள் தம்பிக்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பேசக் கிடைத்தது, அதுவும் கொஞ்ச நேரம். சில ஞாயிறுகளில் அதுவும் இல்லை. அம்மா போனைத் தோட்டத்துக்கும் குளியலறைக்கும் எடுத்துக்கொண்டு போவாள். டிசம்பர் 4 கடற்படை நாள். அந்த வருடம் மகாராஷ்டிராவில் சிந்துதுர்க்கில் நடந்ததை டிவியில் காட்டினார்கள். பயிற்சியில் இருக்கிறவன் அங்கே இருக்க மாட்டான் என்று நான் சொல்லியும், வெள்ளை உடுப்பில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவர் முகமாகத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில் கைகொடுத்தது அத்தை. மாமா விளக்கம் சொல்வார். அம்மாவுக்கு விளக்கம் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அத்தை விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருஷன் கடலில் இருந்த மாதங்களைக் கடந்தவர். அவர் அம்மாவிடம் சொன்னது சின்ன விஷயம்தான். அவன் கூப்பிட்டதும் சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று திரும்பத் திரும்பக் கேட்காதீங்க; ஆமா என்று சொல்வதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. அதற்குப் பதில் வீட்டு நடப்பைச் சொல்லுங்க. எந்த வயலில் தார் வெட்டியாச்சு, பசு சினையா இருக்கா, தெருவில் யாருக்குக் கல்யாணம். அவனுக்கு அந்த நேரம் ஊரில் இருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அம்மா அடுத்த ஞாயிறிலிருந்து அப்படியே செய்தாள். அவள் குரல் மாறிவிட்டது என்று தம்பி என்னிடம் தனியாகச் சொன்னான். அழைப்பு வராத ஞாயிறுகளில் அத்தை அம்மாவைக் கூப்பிடுவார். எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஆதரவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்தப் போன் அழைப்புகளைத்தான் சொல்வேன். கடற்படையில் குடும்பங்களுக்கான நலச் சங்கம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் தளங்களில் குடியிருக்கும் மனைவி மக்களுக்கானது. ஏரல் பக்கத்தில் இருக்கிற ஓர் அம்மாவுக்கு இன்னொரு அம்மாதான் வேண்டும்.

பிறகு வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, நெல்லைக்காரர்களுக்கு அந்தத் தேதிகளை நான் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி கரையை மீறி ஊர்களுக்குள் வந்தது. ஏரல் துண்டாகிப் போனது. மின்சாரம் இல்லை, டவர் இல்லை. ஞாயிறு பகலில் அம்மாவிடம் பேசியதோடு சரி. அதற்கப்புறம் நான் மதுரையில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வருகிறது.

வீட்டில் இருப்பவர்கள் பிள்ளையை நினைத்துக் கவலைப்படுவோம் என்று மட்டும்தான் நாங்கள் தயாராகியிருந்தோம். பிள்ளை அங்கே வீட்டை நினைத்துத் தவிப்பான் என்று யோசிக்கவில்லை. அவன் பேட்சில் இன்னொரு தூத்துக்குடிப் பையன் இருந்தான். அவன் மூலமாகவோ டிவி மூலமாகவோ சேதி அவர்களை எட்டிவிட்டது. கையில் போன் இல்லை. பரேடுக்கு நிற்கிறான், ஊர் தண்ணீரில் கிடக்கிறது.

மாமாவின் வீடு கொஞ்சம் மேட்டில். அவருக்கு எப்படியோ ஒரு சிக்னல் கிடைத்து என்னைக் கூப்பிட்டார். டிவிஷன் பெயர், பர்சனல் நம்பர் இரண்டும் உன்கிட்ட இருக்கா என்று கேட்டார். அப்பா அட்டையில் எழுதியதை நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். பணியில் இருக்கும் தன் பழைய சகா ஒருவர் வழியாகத் தகவலைச் சில்காவுக்கு அனுப்ப வைத்தார். அன்று சாயங்காலம் தம்பி என்னிடம் பேசினான். அவன் டிவிஷனல் ஆபீசரே கூப்பிட்டுப் பேச அனுமதித்திருக்கிறார். அதற்கு முன்பே மாமா எனக்குச் சொல்லியிருந்தார்: "தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லு. அடுத்து எப்போ சொல்லுவேன்னு ஒரு நேரத்தைச் சொல்லு. சும்மா எல்லாம் நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொல்லிடாத. பின்னால உன்னை நம்பவே மாட்டான்."

"அக்கா, உண்மையச் சொல்லு" என்றுதான் தம்பி ஆரம்பித்தான். நான் சொன்னேன். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் பேசினேன்டா, நல்லா இருந்தாங்க. அப்புறம் பேச முடியல. தெருவுக்குள்ள தண்ணி வந்துட்டுதாம். நம்ம வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற மாடி வீட்டுக்குத்தான் எல்லாரும் போயிருப்பாங்க, அது தாங்கும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எப்படியாவது சேதி கொண்டுவரேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிக்கா" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த நாள் அப்பா சிக்னல் இருக்கும் மேட்டுக்கு நடந்து வந்து கூப்பிட்டார். அந்த மாடி வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். ஹெலிகாப்டரில் போட்ட உணவுப் பொட்டலங்கள் எங்கள் தெருவுக்கும் கிடைத்தன. விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை என்று மூன்றிலிருந்தும் வந்தார்கள். கடற்படை என்று யாரோ சொன்னதும் அம்மா மேலே பார்த்துக் கும்பிட்டாளாம். தகவலை அதே வழியில் சில்காவுக்கு அனுப்பினோம். வாழை மொத்தமும் போய்விட்டது. அதைத் தம்பியிடம் அடுத்த ஞாயிறு அப்பாவே சொன்னார். நான் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். "அவன் சம்பாதிக்கப் போனவன், சின்னப் பிள்ளை இல்ல" என்றார் அப்பா. அவர் செய்தது சரி.

இனி வாட்ஸப் குழுக்கள். பேட்சுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று இருக்கும். நானும் தமிழ்க் குடும்பங்கள் இருந்த ஒன்றில் சேர்ந்தேன். அதில் நல்லதும் நடந்தது. டெல்டா பக்கத்திலிருந்து ஓர் அம்மா. அவர் மகள் அக்னிவீர். கடற்படையில் பெண்கள் மாலுமிகளாகச் சேர்ந்ததே இந்தத் திட்டத்தில்தான், முதல் பேட்சிலிருந்து. எங்கள் வீட்டில் பயிற்சி எப்படி என்றுதான் கேள்வி. அந்த அம்மாவுக்கோ, பொம்பளைப் பிள்ளையக் கப்பலுக்கா அனுப்பினே என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதே தினசரி வேலை. இரவில் குழுவில் எழுதுவார். மற்ற அம்மாக்கள் பதில் எழுதுவார்கள். என் அம்மா எழுத மாட்டாள், குரல் செய்தி அனுப்புவாள். அவர்கள் இருவரும் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே குழுவில் ஒரு வதந்தி கிளம்பினால் அடங்க வெகுநேரம் ஆகும். பயிற்சியை நீட்டிவிட்டார்களாம், பாதிப் பேரை அனுப்பப் போகிறார்களாம் என்று யாராவது போடுவார்கள். இன்னும் மோசமானது, உங்கள் பையன் மெடிக்கலில் நிற்கமாட்டான், பணம் கட்டினால் சரிசெய்யலாம் என்று ஒரு வீட்டுக்கு வந்த போன். கடற்படை ஆளெடுப்பில் எந்தக் கட்டத்திலும் ஏஜெண்டுக்கு இடமில்லை. அறிவிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள். அப்படி யார் கூப்பிட்டாலும் எண்ணைக் குறித்துக்கொண்டு போலீசில் கொடுங்கள், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். இன்னொன்று, பிள்ளை தளத்துக்குள் நிற்கும் போட்டோ, எங்கே போஸ்டிங், எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்பதையெல்லாம் குழுவில் போடவே கூடாது. பெருமையில்தான் போடுகிறோம், எனக்கும் அந்த ஆசை உண்டு. அடக்கிக்கொள்ள வேண்டும். அது பிள்ளைகளின் பாதுகாப்பு.

அந்தக் குழுவில் எனக்கு மிகவும் வலித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சில்காவுக்குப் போனதும் இறுதி மருத்துவப் பரிசோதனை நடக்கும். ஊரில் மாலை போட்டு அனுப்பிய பையன் அதில் தகுதியில்லை என்று திரும்ப நேரலாம். மறுபரிசோதனைக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை. விருதுநகர் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படித் திரும்பினான். அவன் அம்மா குழுவில் அதை எழுதியதும் ஓரிருவர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிறகு பேச்சு சீருடை அளவுக்குத் திரும்பிவிட்டது. கொஞ்ச நாளில் அவர் குழுவை விட்டு வெளியேறினார். நான் தனியாகக் கூப்பிட்டேன். பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், தெருவில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை என்று அழுதார். மாமாவிடம் சொன்னேன். அவர் அந்தப் பையனிடமே நேரே பேசினார், என்ன குறை என்று எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கச் சொல்லிக் கேட்டார், அதைச் சரிசெய்துவிட்டு வேறு எந்தெந்த வேலைக்குப் போகலாம் என்று சொன்னார். பிள்ளையைச் சில்காவுக்கு அனுப்பிய எல்லா வீட்டையும் போலத்தான் அந்த வீடும். பிள்ளை திரும்பி வந்த வீட்டுக்குத்தான் ஆதரவு அதிகமாக வேண்டியிருக்கிறது. குழு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவர்களைக் கைவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன், அது என் தொழில். முதல் வருடம் மாதம் 30,000. அதில் 9,000 பணி முடியும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போய்விடும், கைக்கு வருவது 21,000. நான்காம் வருடம் 40,000, கையில் 28,000. பிடிக்கும் தொகைக்குச் சமமாக அரசும் போடுகிறது. நான்கு வருட முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது. பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தொடர்ந்து பணியில் எடுக்கப்படுவார்கள். இதுதான் 2022 ஜூனில் அறிவித்தது. "நாலு வருசம்தானா?" என்று எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்டார்கள். ஆமாம், அதற்குமேல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று அப்பா நேராகவே சொல்லிவிடுவார். நான் சொல்வது இதுதான்: அந்த 21,000-ஐ வைத்து வீட்டில் புதிய கடன் எதுவும் வாங்காதீர்கள். டிராக்டருக்கோ தங்கை கல்யாணத்துக்கோ அவன் சம்பளத்தைத் தவணையாக்கிவிட்டால், நான்கு வருடம் கழித்து அவன் நிம்மதியாக யோசிக்கவே முடியாது. பணியில் இருக்கும்போதே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அக்னிவீர்களுக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதி பணிக்காலப் பயிற்சிக்கே கிடைத்துவிடும். தம்பியை அதில் சேர வைத்திருக்கிறேன்.

48 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு, பிரீமியம் அவர்கள் கட்டத் தேவையில்லை. அதற்கும் வங்கிக் கணக்குக்கும் வாரிசு பெயர் கொடுக்க வேண்டும். இந்தப் பேச்சை எடுத்ததும் அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். பிள்ளை கிளம்புகிற வாரத்தில் எந்த அப்பாவுக்கும் அது கேட்க முடியாத பேச்சு. நானும் தம்பியும் உட்கார்ந்து பேசி, யார் பெயர் என்று முடிவுசெய்து, ஆதாரில் இருப்பதுபோலவே எழுத்து மாறாமல் எழுதிக்கொண்டோம். எந்த வீட்டிலும் இதற்கு ஓர் அக்காவோ சித்தப்பாவோ முன்வர வேண்டும். பெற்றவர்கள் தலையில் போடாதீர்கள்.

அப்புறம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரைப் பார்த்துவிட்டு நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். பணியில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் அங்கே போகலாம். கலெக்டர் ஆபீஸில் அவர்களுக்கென்று தனியாகக் குறைதீர் கூட்டம் நடத்துகிறார்கள். வாய்க்கால் பாதைப் பிரச்சினை ஒன்றுக்கு அப்பா அங்கே மனு கொடுத்தார், மாமாவும் கூடப் போனார்.

2024 மார்ச்சில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு. அம்மா, அப்பா, நான் மூவரும் போனோம். சென்னையில் ஏறி, பிரம்மபூரில் இறங்கி, அங்கிருந்து பாலுகான். வழியில் ரயில் சிலிகா ஏரியை ஒட்டியே போகிறது. அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. அணிவகுப்பு சூரியன் மறைந்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில். 2023 மார்ச் 28-ல் முதல் அக்னிவீர் பேட்சுக்குத் தொடங்கிய வழக்கம்; அதற்கு முன் நம் முப்படைகளிலும் இரவில் இப்படி நடந்ததில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேரளத்துக்காரர் சொன்னார். எல்லோருக்கும் ஒரே முடிவெட்டு, ஒரே நடை. கடைசி வரை எங்களால் தம்பியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிந்ததும் அவனே எங்களைத் தேடி வந்தான். இளைத்திருந்தான், கறுத்திருந்தான், முதுகு நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் வந்த ஹரியானாப் பையனிடம் மடமடவென்று ஹிந்தியில் எதையோ சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "மக்ரூன் கொண்டாந்தியா?" என்றான். தூத்துக்குடி மக்ரூன் இரண்டு டப்பா கொண்டுபோயிருந்தோம். அவன் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து அங்கேயே காலி செய்தார்கள். டெல்டா அம்மாவை முதல்முறை நேரில் பார்த்ததும் அங்கேதான். என் அம்மாவும் அவரும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து அந்தப் பெண் வெட்கப்பட்டாள்.

அதன்பிறகு விடுமுறை, பின் ஜாம்நகரில் ஐஎன்எஸ் வல்சுராவில் மின்சாரப் பிரிவுப் பயிற்சி. இப்போது கப்பலில் இருக்கிறான். எந்தக் கப்பல் என்று எழுத மாட்டேன். கப்பலுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால், கப்பல் பெயர் எழுதி, கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்று போட்டு மும்பையோ விசாகப்பட்டினமோ கொச்சியோ எழுத வேண்டும். கப்பல் எங்கிருந்தாலும் அவர்கள் கொண்டுசேர்ப்பார்கள். அப்பா மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். கடலுக்குப் போய்விட்டால் வாரக்கணக்கில் பேச்சு இருக்காது. எங்கே இருக்கே என்று நாங்கள் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. அம்மா அந்த வாரங்களில் அத்தையிடம் பேசுகிறாள். போன மாதத்திலிருந்து சாத்தான்குளம் பக்கத்து அம்மா ஒருவர் என் அம்மாவிடம் பேசுகிறார். அவர் மகன் அடுத்த பேட்சில் போகிறான்.

நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்திலிருந்து பிள்ளையை அனுப்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன். மெடிக்கல் முடிவு என்ன ஆகும், எங்கே போஸ்டிங் கிடைக்கும் என்று கேட்காதீர்கள். அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். பிள்ளை போய்ச் சேர்ந்ததும் பர்சனல் நம்பர், டிவிஷன் பெயர், அதிகாரியின் பெயர் மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு நகல் வேறு ஊரில் இருக்கிற யாரிடமாவது இருக்கட்டும்.